குளிரில் விட்டால் குஞ்சு உரமேறாது

மார்கழி பிறந்ததும் பெரியகுளம் வட்டாரத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. “நாட்டுக்கோழிக் குஞ்சைக் குளிர் என்ன செய்யும்? மூணாம் நாளே வெளியே விடுங்க. குளிர்ல அடிபட்டாத்தான் உரமேறும்.” தென்கரையிலும் லட்சுமிபுரத்திலும் தேவதானப்பட்டியிலும் இதே வாசகம்தான். சொல்கிறவர் யாரும் செத்த குஞ்சுகளுக்குக் கணக்குச் சொல்வதில்லை.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். தாய்க்கோழியோடு மூன்று நாள் குஞ்சுகள் விடியற்காலையில் குப்பைமேட்டைக் கிளறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் சற்று நின்று பார்த்தவர் எத்தனை பேர்? குஞ்சுகள் கொஞ்ச நேரம் மேயும்; பிறகு தாயின் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும்; சூடேறியதும் மறுபடி வெளியே வரும். கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அந்த அடுப்பு கூடவே நடந்து வருகிறது. பொரிப்பகத்தில் வாங்கிப் பெட்டியில் கொண்டுவந்த ஒருநாள் குஞ்சுக்கு அது இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது அறியாமை. அதை அடுத்தவருக்கு அறிவுரையாகச் சொல்வது பொறுப்பின்மை.

பொரித்த குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காக்கும் திறன் கிடையாது. அது படிப்படியாக வர இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடத்தில் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். அசீலோ நாமக்கல் கோழியோ நந்தனம் கோழியோ, இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் பொதுதான். கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கிறோம். மார்கழி, தை இரவுகளில் மலைக்காற்று இறங்கும்போது இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டி வந்துவிடுகிறது. குஞ்சுக்கு வேண்டியதற்கும் இருப்பதற்கும் இடையே 15 டிகிரி பள்ளம். பனியில் தூவி நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நனைந்த தூவி சூட்டைப் பிடித்து வைக்காது.

குளிர் பட்ட குஞ்சு உடனே சாவதில்லை. அதனால்தான் பழி வேறெங்கோ போகிறது. முதலில் இரை எடுப்பதை நிறுத்தும். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து நிற்கும். அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் சாகும். பின்புறத்தில் எச்சம் ஒட்டி அடைத்துக்கொள்ளும். செத்த குஞ்சைக் கொண்டுவந்து “ஏதோ நோய்” என்கிறார்கள். அறுத்துப் பார்த்தால் இரைப்பை காலி. வயிற்றுக்குள் மஞ்சள் கரு கரையாமல் அப்படியே இருக்கிறது. பொரித்த இரண்டு மூன்று நாளுக்கு உணவாக இருந்து கரைய வேண்டிய கரு அது.

“செத்தது பலவீனமான குஞ்சு, தப்பியதுதான் ரகம்” என்று இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தவறு. தப்பியதும் வளர்ச்சி குன்றித்தான் நிற்கும். தின்ற தீனியெல்லாம் உடலைச் சூடாக்கவே செலவாகிவிட்ட பிறகு எலும்புக்கும் இறகுக்கும் என்ன மிஞ்சும்? நோய் எதிர்ப்பு குளிரில் நடுங்கி வருவதில்லை, குறையத்தான் செய்யும். ஏழாம் நாள் போடும் ராணிக்கெட் சொட்டு மருந்துதான் வெள்ளைக்கழிச்சலுக்குக் காப்பு. ஏழைப் பெண்களுக்குக் கால்நடை பராமரிப்புத் துறை 50 சதவீத மானியத்தில் 40 நாட்டினக் கோழிக்குஞ்சுகள் தரும் திட்டத்தில் அவற்றின் வயது 4 வாரம். ஒருநாள் குஞ்சைத் தராமல் நான்கு வாரம் வளர்த்துக் கொடுப்பதன் காரணத்தை யோசித்துப் பாருங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. பூண்டுத் தண்ணீர் கொடுத்தால் குளிர் அண்டாது என்பார்கள். வடுகபட்டிப் பூண்டு மூட்டை மூட்டையாக இருந்தாலும் அது வெப்பம் தராது. பல்பு எரிந்தால் போதும் என்பதும் தவறு: எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். குளிர்காலத்தில் குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. பெட்டியைச் சாக்குப் போட்டு முழுக்க மூடுவதும், மூடிய அறையில் கரியடுப்பு வைப்பதும் குஞ்சைக் கொல்லும். கரிப்புகை மனிதரையே கொல்லும்.

வெயில் ஆகாது என்பதும் பொய். மூன்றாம் வாரத்தில், காற்றில்லாத நாளில், பத்து மணிக்கு மேல் ஈரமில்லாத தரையில் ஒருமணி நேரம் விடலாம். ஈரத்தரை கூடாது, ரத்தக்கழிச்சல் அங்கேதான் பிடிக்கும். முதுகில் இறகு மூடிய நான்காம் ஐந்தாம் வாரத்தில் பகல் முழுவதும் விடலாம். பொழுது சாயுமுன் அடைத்துவிட வேண்டும். ஆறு வாரம் ஆகாமல் இரவில் வெளியே வைக்காதீர்கள். சூடு போதுமா என்று குஞ்சே சொல்லும்: பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி அலகைத் திறந்தால் சூடு, பரவலாகப் படுத்தால் சரி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடைக்கு வந்த கோழியைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகு குத்துவதும், பஞ்சாரத்துக்குள் பட்டினி போடுவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. பத்து முட்டை கூடக் கிடைக்கும் என்ற ஆசைதான் காரணம். கையில் இருக்கும் அருமையான அடுப்பை அணைத்துவிட்டு, குஞ்சு வாங்கி, பல்பு வாங்கி, மின்வெட்டில் தவிக்கிறோம். சில நாளாக அடையில் இருக்கும் கோழிக்கு அடியில், இருட்டிய பிறகு, ஒருநாள் குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும், பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைத் தாராளமாக அணைக்கும். விடிந்ததும் கொத்துகிறதா என்று மட்டும் பாருங்கள். வீட்டில் அடைக்கோழி இருந்தால் இந்த மார்கழியில் அதை முக்காதீர்கள், குஞ்சுகளை அதனிடம் கொடுங்கள்.