மணிக்கட்டில் மழைச் செய்தி: அது எந்த ஊருக்கானது?

ஆட்டையாம்பட்டி வட்டாரத்தில் ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி நிலக்கடலை ஐப்பசி வாக்கில் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே சமயத்தில்தான் தொடங்குகிறது. செடியைப் பிடுங்கி, காய் பறித்துக் களத்தில் பரப்பிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் காயில் பூசணம் பிடிக்கும், பருப்பின் நிறம் கெடும், விலை இறங்கிவிடும். இன்றே ஆள் விட்டுப் பிடுங்கலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா என்பது குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைத் தொடும் கேள்வி.

இதற்கு விடை தேடிப் பலரும் இப்போது செல்போனைப் பார்க்கிறார்கள். கையில் ‘ஸ்மார்ட் வாட்ச்’ கட்டியிருப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள். மேகமும் மழைத்துளியும் போட்ட படம் அதில் வருகிறது. ஆனால் அந்தப் படம் எந்த ஊருக்கு உரியது என்று பார்ப்பவர்கள் குறைவு. அதைத் தெரிந்துகொண்ட பிறகே அந்தச் செய்தியை நம்பி வேலை தொடங்கலாம்.

கடிகாரம் வானத்தைப் பார்ப்பதில்லை

நாளை மழை வருமா என்று கடிகாரம் தானாகக் கணிப்பதில்லை. வேறு எங்கோ உள்ள பெரிய கணினிகள் கணித்ததை இணையத்தின் வழியே வாங்கிக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. கணிப்பைக் கேட்கும்போது, ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்ற தகவலை அது அனுப்புகிறது. அந்த இடத்துக்கு உரிய கணிப்பு திரும்பி வருகிறது. அனுப்பிய இடம் தவறானால் வருகிற செய்தியும் தவறாகவே இருக்கும்.

இடம் தெரியும் வழிகள்

1. செயற்கைக்கோள்: அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. நம் நாட்டிற்கு ‘நாவிக்’ என்ற அமைப்பு உண்டு. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சைகை கிடைத்தால் இடம் சில மீட்டர் துல்லியத்தில் தெரியும். திறந்த வெளியில் இது நன்றாக வேலை செய்யும். வீட்டுக்குள் சைகை குறையும்.

2. செல்போன் கோபுரமும் வைஃபையும்: அருகில் உள்ள கோபுரத்தைக் கொண்டு செல்போன் தன் இடத்தை உத்தேசமாக அறியும். கிராமங்களில் கோபுரங்கள் தள்ளித்தள்ளி இருப்பதால் சில கிலோமீட்டர் வித்தியாசம் வரலாம்.

3. கையால் எழுதிய ஊர்ப்பெயர்: ஒரு முறை பதிந்த பெயரை மாற்றும் வரை அதே ஊரின் கணிப்பே வரும்.

விலை குறைந்த கடிகாரங்கள் பலவற்றில் ஜி.பி.எஸ். கிடையாது. அவை புளூடூத் வழியாகச் செல்போனிடமிருந்தே இடத்தையும் கணிப்பையும் பெறுகின்றன. செல்போனை வீட்டில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனால், கடைசியாக வந்த பழைய செய்தியே கடிகாரத்தில் நிற்கும்.

ஊர் எண்ணாக மாறுகிறது

கணினி ஊர்ப்பெயரைக் கொண்டு வேலை செய்வதில்லை. ஆட்டையாம்பட்டி என்பது அதற்கு வட அட்சம் சுமார் 11.5 டிகிரி, கிழக்குத் தீர்க்கம் சுமார் 78 டிகிரி. நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கணிப்பு போடப்படுகிறது. இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் தொடங்கிய ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பில்’ கட்டத்தின் பக்கம் 6 கி.மீ.; அதற்கு முன் 12 கி.மீ. ஆக இருந்தது. 6 கி.மீ. கட்டம் என்பது ஏறத்தாழ 8,900 ஏக்கர். அத்தனை ஏக்கருக்கும் ஒரே கணிப்புதான். ஓடைக்கு இந்தப் பக்கம் மழை கொட்டி, அந்தப் பக்கம் தூசி பறப்பதை நம் வட்டாரத்தில் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். இடியுடன் வரும் அத்தகைய மழையை வயல்வாரியாகச் சொல்ல எந்தக் கடிகாரத்தாலும் முடியாது.

தவறு நேரும் இடங்கள்

பேட்டரி செலவைக் குறைக்க ‘லொக்கேஷன்’ வசதியை அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. கோவைக்குப் போயிருந்தபோது அணைத்தால், ஊர் திரும்பிய பிறகும் கோவையின் வானிலையே வரக்கூடும். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவைக்கும் நம் சமவெளிக்கும் காற்றும் மழையும் வேறு.

‘சேலம்’ என்று எழுதித் தேடினால், அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் தலைநகரான சேலமும் பட்டியலில் வரும். மாநிலம், நாடு இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்காட்டைத் தேர்ந்தெடுத்தாலும் பயன் இல்லை. அது சுமார் 1,500 மீட்டர் உயர மலை.

செய்ய வேண்டியவை

* வேலைக்கு ஆள் சொல்லும் முன் திரையில் உள்ள ஊர்ப்பெயரையும், செய்தி வந்த நேரத்தையும் பார்க்கவும். நேற்றைய செய்தியானால், செல்போனில் இணையத்தைத் திறந்து புதுப்பிக்கவும்.

* இந்திய வானிலைத் துறையின் ‘மேகதூத்’ செயலி 2019-ல் தொடங்கப்பட்டது. தமிழிலும் கிடைக்கிறது. வாரத்தில் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் பயிருக்கான ஆலோசனை வெளியாகும். இதில் வீட்டு முகவரியைவிட நிலம் இருக்கும் இடமே முக்கியம். நிலம் வீரபாண்டி ஒன்றியத்தில் இருந்தால் சேலம் மாவட்டத்தையும், மல்லசமுத்திரம், வெண்ணந்தூர் பக்கம் இருந்தால் நாமக்கல் மாவட்டத்தையும் பதிய வேண்டும்.

* தமிழக அரசின் ‘உழவன்’ செயலியிலும் வானிலைச் செய்தி உண்டு. சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

* ‘மழை வாய்ப்பு 40 சதம்’ என்றால், அதுபோன்ற பத்து நாட்களில் நான்கு நாள் மழை பெய்யும் என்று பொருள். அன்று பிடுங்குவதானால் ஒரே நாளில் காய் பறித்து மூடக்கூடிய பரப்பை மட்டும் பிடுங்கி, தார்ப்பாயைக் களத்தில் தயாராக வைக்கவும். மருந்து தெளிப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது.

* நேரான பக்கமுள்ள தகர டப்பா ஒன்றை, மரநிழலும் கூரையும் இல்லாத இடத்தில் வைக்கவும். தினமும் காலை 8.30 மணிக்குத் தேங்கிய நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுவே மில்லிமீட்டரில் மழை அளவு. கணிப்பையும் இந்த அளவையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தால், எந்தச் செய்தி தம் காட்டுக்குப் பொருந்துகிறது என்பது ஒரே பருவத்தில் புரியும்.

கைக்கடிகாரம் கொண்டுவரும் செய்தி பயனுள்ளதே. ஆனால் ஊர்ப்பெயரைப் பார்க்காமல் அதை நம்புவது, முகவரி பார்க்காமல் அடுத்த வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்குச் சமம். பெயர், நேரம் இரண்டையும் பார்த்து, வானத்தில் மேகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கடலையில் கை வைத்தால் நட்டத்தைப் பெருமளவு தவிர்க்கலாம்.