இல்லந்தோறும் நந்தவனம்

இறைவழிபாட்டில் நீரும் மலரும் முதலிடம் பெறுவன. மலரை விலை கொடுத்து வாங்கிச் சாத்துவதினும், தம் கையால் நட்டு, நீர் வார்த்து, வைகறையில் பறித்துச் சாத்துவது மேலான திருத்தொண்டு என்பர் பெரியோர். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து வடபத்ரசாயிக்கு மாலை தொடுத்தார். திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் நாள்தோறும் பொழுது புலருமுன் நீராடி, மலர் கொய்து, மாலை கட்டிச் சிவபெருமானுக்குச் சாத்தினார். அத்தொண்டே அவரை அறுபத்துமூவருள் ஒருவராக்கியது.

நாயனார் கொய்த மலர்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நான்காக வகுத்துரைக்கிறது பெரியபுராணம். கிளையில் பூப்பது கோட்டுப்பூ. ஏனையவற்றின் பொருள் பெயரிலேயே விளங்கும். இல்லத்தில் எச்செடிகளை வைக்கலாம் என எண்ணுவோர்க்கு இவ்வகுப்பே நல்ல வழிகாட்டியாகும். ஒருமுறை நட்டால் பல்லாண்டு பயன் தருவனவற்றை வகைக்கு ஒன்றாகத் தேர்ந்தால், ஆண்டு முழுவதும் பூசைக்கு மலர் குறைவுபடாது.

பொதட்டூர்பேட்டையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் நெசவுக்குப் பெயர் பெற்றவை. பல இல்லங்களில் தறிக்கு இடம் ஒதுக்கியபின் எஞ்சுவது சிறு கொல்லையே. கோடை வெப்பமும் இப்பகுதியில் மிகுதி. ஆதலின் சிறிய இடத்தில் வெயில் தாங்கி வளர்வனவே ஏற்றவை.

கோட்டுப்பூவில் முதலாவது நந்தியாவட்டை. முற்றிய குச்சியை மழைக்காலத்தில் நட்டால் வேர் பிடிக்கும். அரை நிழலிலும் பூக்கும். செம்பருத்தியும் அவ்வாறே. அதில் மாவுப்பூச்சி கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். பவளமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். மண்ணில் விழுந்த மலர் பூசைக்கு ஆகாது என்னும் மரபில் இதற்கு மட்டும் விலக்குண்டு. எனினும் இரவே மரத்தடியில் தூய துணியை விரித்து வைத்தல் நன்று. வில்வம் வறட்சி தாங்கும் மரம். ஆயினும் முள்ளுடையது, பெரிதாக வளர்வது. இடமுள்ளோரே அதனை நடுக.

கொடிப்பூவில் முல்லையைப் பந்தலில் ஏற்றலாம். மல்லிகையை நவம்பர் இறுதியில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து செய்தால், கோடையில் நிறையப் பூக்கும். நிலப்பூவிற்கு நிலச்சம்பங்கி, கிழங்கை நட்டால் தொடர்ந்து சில ஆண்டுகள் பூக்கும். துளசியின் கதிர்களை அவ்வப்போது கிள்ளிவந்தால் செடி விரைவில் முற்றிப்போகாது.

நீர்ப்பூவிற்கு இவ்வட்டாரத்தில் தனிச் சிறப்புண்டு. இந்திரன் திருத்தணிகை மலையில் சுனை உண்டாக்கிக் கருங்குவளையை நட்டு, அம்மலரால் முருகப்பெருமானை வழிபட்டான் என்பது தலவரலாறு. நீலோற்பலகிரி என்னும் பெயர் அதனால் வந்தது. அம்மலைக்கு அருகில் வாழும் அன்பர்கள் இல்லத்தில் ஒரு குவளை வளர்ப்பது பொருத்தமன்றோ! அகன்ற தொட்டியில் களிமண் இட்டு, நீர் நிரப்பி, நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படுமிடத்தில் வைத்தால் போதும். கொசு பெருகாதிருக்கச் சிறு மீன்களை விடுதல் வேண்டும். சாயம் கலந்த நீரை எச்செடிக்கும் விடலாகாது.

இனி, கருத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. செவ்வரளி முருகப்பெருமானுக்கும் அம்மனுக்கும் உகந்ததாகப் போற்றப்படுகிறது, வெயிலையும் தாங்கும். ஆனால் அதன் இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் நஞ்சு, இதயத்தைத் தாக்கும். பொன்னரளியின் விதை மிகக் கொடியது. 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்குமாறு ஆணையிட்டது. அரளி மாலை சாத்துவதில் தவறில்லை. அதனைப் பிரசாதத்தோடு கலப்பதும், தீர்த்தத்தில் இடுவதும், மழலைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டுமிடத்தில் வளர்ப்பதும் தவிர்க்கத்தக்கவை. எருக்கம்பாலும் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளைக்கும். சிறு குழந்தைகள் உள்ள இல்லத்தார் இவ்விரண்டையும் நடாது, நந்தியாவட்டையும் செம்பருத்தியும் கொண்டே வழிபடலாம். அன்பர் இல்லத்துப் பிள்ளைகளின் நலம் இறைவனுக்கு உவப்பன்றோ!

எம்மலரை எத்தெய்வத்திற்குச் சாத்தலாம் என்பதற்கும் மரபுண்டு. சிவபெருமானுக்குத் தாழம்பூவும், விநாயகருக்குத் துளசியும் பொதுவாகச் சாத்துவதில்லை. கமலை ஞானப்பிரகாசர் இயற்றிய புட்பவிதி, சிவபூசைக்குரிய மலர்களை விரித்துரைக்கும் நூலாகும்.

இடமில்லையே என வருந்த வேண்டா. படியோரம் ஒரு தொட்டித் துளசி, சுவரோரம் ஒரு நந்தியாவட்டை இருந்தாலும் அது நந்தவனமே. ஆடிக் கிருத்திகைக்குத் தணிகை மலைக்கு மலர்க் காவடி எடுக்கும் அன்பர்கள், அடுத்த ஆண்டுக் காவடியில் தம் இல்லத்து மலர் ஒன்றேனும் சேரும் வண்ணம் இவ்வாண்டே ஒரு செடி நடுவார்களாக. தணிகைப் பெருமான் திருவருளால் இல்லந்தோறும் மலர் பொலிக! உள்ளந்தோறும் பக்தி மணக்க!