முதியோர் இல்லச் சமையலுக்குச் சான்றிதழ் கட்டாயமா?

கேள்வி: சிதம்பரம் அருகே ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் பல ஆண்டுகளாகச் சமைக்கிறேன். நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள். யாரிடமும் காசு வாங்குவதில்லை. உணவுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழை என் செலவில் வாங்கி வராவிட்டால் வேலை இல்லை என்கிறார் நிர்வாகி. சாப்பாட்டால் யாருக்காவது உடம்புக்கு வந்தால் நானே பொறுப்பு என்றும் எழுதித் தரச் சொல்கிறார். இலவசச் சாப்பாட்டுக்கும் சட்டம் உண்டா?
வாசகி, சிதம்பரம்

பதில்: உண்டு, அம்மா. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 3-ஆம் பிரிவு, லாப நோக்கம் இல்லாத நிறுவனங்களையும் உணவு வணிகம் என்றே கொள்கிறது. வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலை அடுப்பை மூட்டிய மாவட்டம் இது. இங்கே பசித்தவருக்குச் சோறிடுவதை வணிகம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனாலும் வயதானவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கே உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால் தர்மச் சமையலுக்கும் விலக்கு இல்லாதது சரியே.

உங்கள் நிர்வாகி தவறுவது வேறு இடத்தில். 31-ஆம் பிரிவின்படி பதிவோ உரிமமோ பெற வேண்டியது அறக்கட்டளை. உணவு பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்யும் கடமையை 26-ஆம் பிரிவு உணவு வணிகத்தை நடத்துபவர்மீது வைக்கிறது. ‘ஃபோஸ்டாக்’ என்னும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியிலும், உரிமம் பெற்ற இடங்களில் உணவைக் கையாளும் 25 பேருக்குப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே விதி. கரண்டி பிடிக்கும் ஒவ்வொருவரும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பதல்ல. அந்த மேற்பார்வையாளராக உங்களையே அனுப்ப நினைத்தால் கட்டணத்தை இல்லம் கட்டுவதுதான் நியாயம்.

பயிற்சியை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் கீழே ஆறக்கூடாது, குளிரில் வைப்பது 5 டிகிரிக்கு மேலே போகக்கூடாது என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் வருவதில்லை. காலையில் வடித்த சோறு மதியம்வரை அண்டாவில் கிடப்பதைப் பல இல்லங்களில் பார்க்கிறோம். ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

அந்த உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்டாலும் அறக்கட்டளையின் சட்டப் பொறுப்பு நீங்காது. உங்கள் தலையில்தான் வீண்சுமை ஏறும். ஆனால் கெட்டுப்போனது என்று தெரிந்தே பரிமாறினால் நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும்.

பயிற்சிக்கு ஏற்பாடு செய்யும்படி நிர்வாகியிடம் எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் கடலூரிலுள்ள உணவுப் பாதுகாப்புத் துறை மாவட்ட நியமன அலுவலரிடம் மனுக் கொடுங்கள். வேலையை விட்டு நிறுத்தினால் கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு.