பெரிய மீனுக்கு எந்த முள்?

2022 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தை அடுத்த பரவாடா பகுதி மீனவர் ஒருவர், பிடிபட்ட மீனின் கூர்மூக்கு குத்திக் கடலிலேயே இறந்துபோனார். தெலுங்கில் அதைக் கொம்முகோணம் என்கிறார்கள். நம் கரையில் அது கொப்பரக்குல்லா. அதே வங்கக் கடலில்தான் காசிமேட்டு விசைப்படகுகளும் திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களின் ஃபைபர் படகுகளும் தொழில் செய்கின்றன.

பெரிய மீனைப் பிடிப்பதும் ஒரு வேட்டைதான். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதற்கு முந்தைய வேட்டைக்காரர்கள் புலிக்கு ஒரு தோட்டா, யானைக்கு வேறு தோட்டா என்று பிரித்தே எடுத்துப் போனார்கள். புலியின் உடலில் விரிந்து வேலை செய்யும் மென்முனைத் தோட்டா, யானையின் மண்டை எலும்பில் பட்டால் நசுங்கி நின்றுவிடும். அங்கே விரியாமல் துளைத்துப் போகும் கெட்டித் தோட்டாதான் வேண்டும். தூண்டில் முள் வாங்கப் போகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான்: இந்த முள் எந்த வாயில், எந்த இடத்தில் ஏறப்போகிறது?

முதலில் மீனின் வாயைப் பார்க்க வேண்டும். மஞ்சள் துடுப்புச் சூரைக்குப் பல் சிறிது, வேகம் பெரிது. இரையை அப்படியே விழுங்கும். கொப்பரக்குல்லா, மயில் மீன் இரண்டுக்கும் வாயின் முன்பகுதி முழுக்க எலும்பு. அங்கே முள் ஏறாது, வழுக்கும். தாடை மூலையில் இருக்கும் சதைதான் பிடிமானம். சுறாவுக்கும் வஞ்சிரத்துக்கும் பல்தான் பிரச்சினை. முள் நன்றாகவே மாட்டியிருக்கும்; தங்கூஸ் அறுந்துபோகும்.

அடுத்தது வடிவம். கடைகளில் இரண்டு சாதிகள் முக்கியம். முனை தண்டுக்கு இணையாக மேலே பார்த்து நிற்பது ஜே முள். முனை உள்நோக்கி மடங்கித் தண்டைப் பார்ப்பது வட்ட முள். பசிபிக் தீவுவாசிகள் எலும்பிலும் சிப்பியிலும் செய்துவந்த பழைய வடிவம் இது. மீன் இரையை விழுங்கித் திரும்பும்போது வட்ட முள் தொண்டையில் குத்தாமல் வழுக்கிவந்து தாடை மூலையில் சுற்றி மாட்டும். ஆயிரங்கால் தூண்டில் போடுகிறவருக்கு இதைவிட ஏற்ற முள் கிடையாது. மீன் மாட்டும் நேரத்தில் கயிற்றைச் சுண்ட அங்கே ஆள் இருப்பதில்லை. வட்ட முள்ளுக்குச் சுண்டலே தேவையில்லை. கைத்தூண்டிலில் இதைப் போடுகிறவர்கள் பழக்கதோஷத்தில் சுண்டிவிடுவதுதான் பெரிய தவறு. சுண்டினால் முள் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். கயிறு இறுகும்வரை பொறுத்து, சீராக இழுத்தால் போதும்.

வட்ட முள்ளுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கரைக்கு வருகின்றன. அகலமான வட்ட முள்ளை ஆமையால் எளிதில் விழுங்க முடியாது. மாட்டினாலும் பெரும்பாலும் வாயோரத்தில்தான். அட்லாண்டிக் கடலில் ஆயிரங்கால் தூண்டில் போடும் தன் படகுகளுக்கு அமெரிக்கா 2004இல் வட்ட முள்ளைக் கட்டாயமாக்கியது ஆமைகளுக்காகத்தான். ஆமை மாட்டிவிட்டால் கயிற்றைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வாய்க்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே தங்கூஸை வெட்டி விட்டுவிட வேண்டும்.

எண் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 1, 2, 3 என்று ஏற ஏற முள் சிறிதாகும். 1/0, 2/0 என்று ஏறினால் பெரிதாகும். பெரிய சூரைக்கு 14/0 முதல் 16/0 வரையிலான வட்ட முள் புழக்கத்தில் உள்ளது. ஆனால் ஒரு கம்பெனியின் 14/0 இன்னொரு கம்பெனியின் 14/0 அல்ல. அதனால் பழைய முள் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் அருகில் வைத்து ஒப்பிடுவது நல்லது. இரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். முழுக் கானாங்கத்தையைக் கோத்த பிறகும் முனைக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். கடம்பாத் துண்டு அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டால் முள் மாட்டாது.

கடையிலேயே மூன்று சோதனைகள் செய்துவிடலாம். முனையை நகத்தின் மேல் லேசாக இழுத்தால் கீற வேண்டும், வழுக்கினால் மொண்ணை. கண் முழுதாக மூடியிருக்கிறதா, எதிர்முள்ளின் அடியில் வெட்டு மிக ஆழமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆழமான வெட்டு உள்ள இடத்தில்தான் முனை ஒடியும். வளைவின் பக்கவாட்டைத் தடவினால் தட்டையாக இருக்க வேண்டும். அடித்துத் தட்டிய கம்பி அவ்வளவு எளிதில் விரியாது. எஃகு விஷயத்தில் ஒரு வார்த்தை: துருப்பிடிக்காத எஃகு நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அறுத்துக்கொண்டு போன மீனின் வாயிலும் அதே நீண்ட நாள் கிடக்கும். சாதாரண எஃகு சீக்கிரம் அரித்துப்போகும்.

முள்ளுக்கு மேலே என்ன கட்டுவது? சுறாவுக்குக் கம்பி, சூரைக்குத் தங்கூஸ். சூரைக்குக் கண் கூர்மை, கம்பி தெரிந்தால் இரையைத் தொடாது. தடித்த தங்கூஸில் முடிச்சு சரியாக இறுகாது. அங்கே உலோகக் குழலை அழுத்திப் பிடிப்பதே உறுதி. எதைக் கட்டினாலும் ஒன்றை மறக்கக் கூடாது: அம்மணி உழுவையும் வேளாவும் பாதுகாக்கப்பட்ட இனங்கள். எந்த முள்ளில் வந்தாலும் தண்ணீரிலேயே வெட்டி விட வேண்டும்.

கூர்மூக்கு மீன் படகோரம் வந்தால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மூக்கு பார்க்கும் திசையில் நிற்கவும் கூடாது. களைக்கும்வரை தண்ணீரில் விட்டு, நீண்ட கோலில் பொருத்திய கொக்கியால் பக்கவாட்டிலிருந்து பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்காரர்களுக்கு முள் பெட்டியைக் கொட்டிப் பார்க்க வசதியான நேரம். துருவேறியது, விரிந்தது, விரிந்ததைத் திரும்ப வளைத்துச் சரிசெய்தது என மூன்றையும் தனியே எடுத்து இரும்புக்கடைக்குப் போட்டுவிடலாம். ஒருமுறை விரிந்த கம்பி இரண்டாம் முறை இன்னும் குறைந்த இழுப்பிலேயே விரியும்.