‘கி’ ஓர் எழுத்தா, இரண்டு எண்களா?

கைப்பேசியில் ‘கி’ என்று தட்டுங்கள். பிறகு அழிக்கும் விசையை ஒருமுறை மட்டும் அழுத்துங்கள். பெரும்பாலும் எழுத்து முழுதாக மறையாது; ‘க’ மிஞ்சும். ஏன்?

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொது ஏற்பாடுதான் யூனிகோட் எனும் ஒருங்குறி. அதில் ‘க’வின் எண் 2965. ‘கி’க்குத் தனி எண் கிடையாது. 2965-ஐ அடுத்து இகரக் குறியின் எண்ணான 3007 வரும். ‘க்’ என்றால் 2965, அடுத்துப் புள்ளியின் எண் 3021. நாம் அழித்தது கடைசி எண்ணை மட்டுமே.

கொரிய எழுத்தும் நம் உயிர்மெய்யைப் போன்றதே. மெய், உயிர், தேவையானால் இறுதியில் இன்னொரு மெய் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்கும். முதலிடத்துக்கு 19 வகை, நடுவிடத்துக்கு 21, இறுதிக்கு 28 (இறுதி மெய் இல்லாத நிலையும் இதில் ஒன்று). பெருக்கினால் 11,172 அசைகள். தென்கொரியாவின் 1987 தரத்தில் 2,350 அசைகளுக்கே தனி எண் இருந்தது. 1996-இல் வந்த யூனிகோட் 2.0, அனைத்துக்கும் வரிசையாக எண் தந்தது. வாய்பாடு இதுதான்:

எண் = 44032 + (முதல் × 21 + நடு) × 28 + இறுதி

வரிசை 0-இலிருந்து தொடங்கும். ‘ஹன்’ என்ற அசைக்கு முதல் 18, நடு 0, இறுதி 4. விடை 54620. ஓர் அசை, ஓர் எண்!

தமிழ் வேறு வழியில் சென்றது. இந்தியாவின் 1988 ‘இஸ்கி’ தரத்தைப் பின்பற்றி, உறுப்புகளுக்கு மட்டும் எண் தரப்பட்டது. இதனால் இடம் மிச்சம். ஆனால் சிக்கலும் உண்டு. ‘கொ’வை 2965, 3018 என்றும் எழுதலாம்; 2965, 3014, 3006 என்றும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றே. இரண்டும் சமம் என்பது யூனிகோட் விதி. அதைக் கவனிக்காத செயலியில் தேடினால், இருக்கும் சொல்லே ‘இல்லை’ என்று வரும்.

படிவங்களிலும் இதே தொல்லை. ‘தஞ்சோங் ரம்புத்தான்’ நமக்குப் பத்து எழுத்து. கணினிக்கு 18 எண்கள், இடைவெளியோடு 19. பதினைந்து இடம் மட்டும் உள்ள கட்டத்தில் ஊர்ப்பெயர் பாதியில் அறுந்துவிடும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் ‘டேஸ் 16’ முறையும் உண்டு. 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாகவும் இதை மாற்றாகவும் ஏற்றது. உலகெங்கும் புழங்குவது ஒருங்குறியே. ஆகவே மென்பொருள் எழுதப்போகும் மாணவர்கள் எண்ணை அல்ல, எழுத்தை எண்ணும்படி நிரல் எழுதப் பழக வேண்டும்.

பயிற்சி: உங்கள் பெயரில் எத்தனை எழுத்து, எத்தனை எண்? ‘தமிழ்’ என்பதற்கு விடை 3, 5.