சிசேரியனுக்குப் பின்: ஓய்வும் வேண்டும், அசைவும் வேண்டும்

"நாற்பது நாள் அசையாமல் படு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் பிரசவித்த பெண்ணின் உடலில் இரத்தம் எளிதில் உறையும். அசையாமலே படுத்திருந்தால் கெண்டைக்காலில் இரத்தக்கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். எனவே ஓய்வோடு இவற்றையும் செய்யுங்கள்.

1. மூச்சு: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். வயிறு மெல்ல உயரும்படி மூக்கால் மூச்சை இழுத்து, வாயால் நிதானமாக விடுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை 5 மூச்சு போதும். நிஃபாஸ் காலத்தில் தொழுகை இல்லை, திக்ருக்குத் தடையில்லை. மூச்சை விடும்போது 'சுப்ஹானல்லாஹ்' சொல்லலாம், மனமும் லேசாகும்.

2. பாதம்: காலில் உணர்வு திரும்பியதும் பாதங்களை மேலும் கீழுமாக 10 முறை அசைத்துக் கொடுங்கள்.

3. தளர்த்தல்: கைவிரல்களை இறுக்கி மூடி, 5 விநாடி கழித்து விடுங்கள். தோள்களுக்கும் அப்படியே. வயிற்றை இறுக்க வேண்டாம்.

4. எழுதல்: ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். இருமும்போது தலையணையால் தையலை அணைத்துப் பிடியுங்கள். ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் வண்டி குலுங்கும்போதும் அந்தத் தலையணை உதவும்.

முதல் 6 வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தாய் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடமும் விறகும் வீட்டு ஆண்களின் பொறுப்பு.

காய்ச்சலோ தையலில் சீழோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், மணிக்கு ஒரு நாப்கின் நனையும் இரத்தப்போக்கு என எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். மலைக்கு வண்டி வந்து சேர நேரமாகும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.