இரு அரசுகளும் ஒரு குடிமகனும்

அரசன் விடுக்கச் செல்பவன் தூதன். அவனுக்கு வேண்டிய பண்புகளைத் திருவள்ளுவர் ‘தூது’ என்னும் அதிகாரத்தில் வகுத்துரைத்தனர். எவரும் விடுக்காதிருக்கத் தாமே முன்வந்து இரண்டு அரசுகளுக்கு அறிவுரை கூறுவோர்க்கும் உலகில் இடமுண்டோ? உறையூர் முற்றுகையின்போது நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் ஒருங்கே நல்லுரை பகர்ந்த கோவூர்கிழாரை நாம் அறிவோம். பிற்கால வாணிக உலகிலும் அத்தகைய செயலொன்று நிகழ்ந்தது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

1859 ஆம் ஆண்டிலே, பிரான்சு படையெடுக்கும் என்னும் அச்சம் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. தொண்டர் படைகள் திரட்டப்பட்டன. இரு நாடுகளையும் பிரிக்கும் கடல் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 21 மைல் அகலமே உடையது. எனினும் வாணிகத்துக்கு அது பெருமதிலாயிற்று. ஆங்கிலேயரின் ஆலைப் பொருள்கள் பலவற்றைப் பிரான்சு முற்றாகத் தடுத்திருந்தது. பிரெஞ்சுத் திராட்சை மதுவுக்குப் பிரித்தானியா கடுந்தீர்வை விதித்திருந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தோர் இருவர். ஒருவர் ரிச்சட் கொப்டன்; உழவர் குடியிற் பிறந்து, மான்செஸ்ரர் நகரிற் பருத்தித்துணி வாணிகராய் உயர்ந்தவர். தானியச் சட்டங்கள் 1846 இல் நீங்குதற்குப் பெரிதும் உழைத்தவர். பாராளுமன்ற உறுப்பினராயினும், 1859 இல் வந்த மந்திரிப் பதவியை மறுத்தவர். மற்றவர் பொருளியற் பேராசிரியர் மிசேல் செவாலியே. கொப்டனைப் பாரிசுக்கு வருமாறு தூண்டியவர் இவரே.

கொப்டன் யாது செய்தார்? முதலில் நிதிமந்திரி கிளாட்ஸ்ரனைக் கண்டு தம் கருத்தை விளக்கினார். பிரதம மந்திரி பாமஸ்ரனுக்கும் அறிவித்தார். அதன் பின்னரே, அதிகாரப் பத்திரம் எதுவுமின்றிப் பாரிசு சென்று, அக்டோபர் மாதத்தில் மூன்றாம் நெப்போலியனைச் சந்தித்தார். சக்கரவர்த்திக்கோ தம் நாட்டு ஆலை முதலாளிகளைப் பற்றிய அச்சம். தீர்வைச் சட்டத்தை மாற்ற முயன்றால் சட்டசபை எதிர்க்கும். ஆனால், வர்த்தக உடன்படிக்கை செய்யும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. தீர்வையைக் குறைக்கப் பிறநாட்டோடு பேரம்பேச வேண்டியதில்லை என்பது கொப்டனின் நெடுநாட் கொள்கை. எனினும், சமாதானத்தின் பொருட்டு அவர் உடன்படிக்கை வழிக்கு இசைந்தார்.

1860 சனவரி 23 ஆம் நாள் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அதற்குள் அரசாங்கம் கொப்டனுக்கு முறையான அதிகாரம் வழங்கியமையால், பிரித்தானியத் தூதருடன் அவரும் ஒப்பமிட்டார். பிரான்சு தடைகளை நீக்கித் தீர்வையை நூற்றுக்கு 30 என்னும் எல்லைக்குள் வைக்க உடன்பட்டது. பிரித்தானியா மதுத் தீர்வையைக் குறைத்தது. பிரெஞ்சுக் கைத்தொழிற் பொருள்கள் பெரும்பாலானவற்றின் தீர்வையை ஒழித்தது. பிறிதொரு நாட்டுக்கு அளிக்கும் சலுகையைத் தமக்குள்ளும் அளிப்பதென்று இரு நாடுகளும் இசைந்தன. இம்முறையைப் பின்பற்றி ஐரோப்பாவிற் பல உடன்படிக்கைகள் எழுந்தன.

குறைகளும் உள. பிரெஞ்சுப் பட்டு தீர்வையின்றி வந்தமையாற் கொவென்றி நகரத்து நாடா நெசவாளர் பெருந்துயருற்றனர். கொப்டன் பாரிசிலிருந்து தீர்வை விபரங்களை வகுத்துக்கொண்டிருந்த அதே 1860 இல், பாமஸ்ரன் பிரான்சுக்கு எதிராகக் கோட்டைகள் கட்டப் பாராளுமன்றத்திற் பெரும்பணம் கேட்டார். அறிவுரை கூறுவோன் வேறு, ஆள்வோன் வேறு என்பது இதனாற் புலனாம்.

இதனோடு மற்றொன்றையும் ஒப்புநோக்குக. 1798 இல் அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் லோகன், தம் அரசின் இசைவின்றிப் பாரிசு சென்று சமாதானம் பேசினார். அவர் நோக்கமும் நன்றே. ஆயினும், அடுத்த ஆண்டிலேயே, தம் அரசுடன் பிணங்கிய பிறநாட்டரசோடு குடிமக்கள் அனுமதியின்றிப் பேசுவதைத் தடுக்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. இருவர்க்கும் வேறுபாடு யாது? கொப்டன் தம் அரசுக்கு மறைத்துச் செல்லவில்லை. முடிவு செய்யும் பொறுப்பை அரசுகளிடமே விட்டார்.

மாணவர்காள்! பணி முடிந்தபின் அரசு அளிக்க முன்வந்த பட்டத்தையும் கொப்டன் ஏற்றிலர். பதவி வேண்டாதவன் சொல்லை இரு அரசுகளும் செவிமடுத்தன. பகைத்து நிற்கும் இருவரிடையே, அயலகத்தாரிடையேயாயினும் ஆகுக, நீவிர் நடுநின்று பேச நேருங்கால், ஒருவர்க்கு உரைத்ததை மற்றவர்க்கு மறையாதீர். உமக்கென ஒன்றும் வேண்டாதீர். அவ்விரண்டும் இல்வழி அறிவுரை பயன்படாது.